ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான்: திசு வைட்டமின் பரிசோதனைச் சேவை, ஒரு கால்நடை மருத்துவரின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சேவை, தொடர்ந்து இவர்களிடம்தான் அனுப்பப் போகிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆனால் என்னை இவர்களிடம் நிறுத்தி வைத்திருப்பது அவர்களுடைய சாம்பிள் படிவத்தில் இருக்கும் ஒரே ஒரு கட்டம்: "உறுப்பின் மொத்த எடை".

என் வேலையில் பெரும்பகுதி போஸ்ட்மார்ட்டம். அடைத்து வைக்கப்பட்டுத் தீனியில்லாமல் செத்த நாய், நோயில் சாப்பிடாமல் கிடந்து செத்த பூனை, உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வில் இருந்த எலி, கினிப் பன்றி எல்லாம் என் மேசைக்கு வரும். இவற்றின் ஈரல், தசை, கொழுப்பு, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி ஆகியவற்றில் வைட்டமின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து தருவதுதான் இந்த லேபின் சேவை.

அந்தக் கட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டினியில் ஒரு விலங்கின் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இளைப்பதில்லை. மற்ற உறுப்புகளை விட வேகமாகச் சுருங்குவது ஈரல். இரண்டு நாள் தீனியில்லாத எலியின் ஈரலைத் தராசில் வைத்துப் பாருங்கள், கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும். கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு போகிறது, அதோடு சேர்ந்திருந்த நீர் போகிறது, புரதமும் போகிறது. ஆனால் ஈரலின் நட்சத்திர வடிவச் செல்களில் ரெட்டினைல் எஸ்டர் என்ற சேமிப்பு வடிவில் சேர்ந்திருக்கும் வைட்டமின் ஏ அந்த வேகத்தில் போவதில்லை. அது மெதுவாகத்தான் செலவாகும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நன்றாக இருந்த ஒரு நாயின் ஈரல் 300 கிராம், கிராமுக்கு 100 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. மொத்தம் 30,000 மைக்ரோகிராம். பட்டினியில் ஈரல் 180 கிராமாக வற்றுகிறது, இருந்த வைட்டமினில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகி 24,000 மிச்சம் நிற்கிறது. இப்போது கிராமுக்கு எவ்வளவு? 133. நாய் இழந்திருக்கிறது, ரிப்போர்ட்டோ கூடியிருப்பதாகக் காட்டுகிறது. கிராமுக்கு எவ்வளவு என்பதை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

இதற்கு முன் நான் பயன்படுத்திய வேறொரு லேபில் இதுதான் நடந்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்ற நிலையில் வந்த ஒரு பெட்டை நாய். வயிற்றுக்குள் கொழுப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. எலும்பு மஜ்ஜை வெண்மையாக இருக்க வேண்டிய இடத்தில் சிவந்து கூழாகக் கிடந்தது. ரிப்போர்ட்டில் ஈரல் வைட்டமின் ஏ-க்கு எதிரே பச்சை நிறத்தில் "போதுமான அளவு" என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நாய்க்கு ஒழுங்காகத் தீனி போடப்பட்டது என்று, பட்டினி போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்த நாய் தன் உடம்பையே தின்று தீர்த்த பிறகு, மிஞ்சியதை அளந்து, அது நன்றாகச் சாப்பிட்டதற்குச் சான்று என்று காட்டினார்கள்.

இப்போதைய லேபின் ரிப்போர்ட்டில் மூன்று எண்கள் வரும். கிராமுக்கு எவ்வளவு, மொத்த உறுப்பில் எவ்வளவு, ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், எது உண்மையில் குறைந்திருக்கிறது, எது உறுப்பு சுருங்கியதால் கூடியதாகத் தெரிகிறது என்பது புரிந்துவிடும்.

நாயின் ஈரல் என்றாலே எனக்கு ஆஸ்திரேலிய ஆய்வுப்பயணி டக்ளஸ் மாசனின் அண்டார்டிகா பயணம் நினைவுக்கு வரும். 1912 டிசம்பரில், உணவு ஏற்றியிருந்த சறுக்கு வண்டியே பனிப்பிளவுக்குள் விழுந்துவிட, மாசனும் அவருடைய கூட்டாளி சேவியர் மெர்ட்சும் வண்டியிழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடி திரும்பினார்கள். மெர்ட்ஸ் 1913 ஜனவரி 8 அன்று இறந்தார். தோல் உரிந்ததும் புத்தி தடுமாறியதும் நாய் ஈரலில் இருந்த அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ-யால்தான் என்று 1969-இல் கிளேலண்டும் சவுத்காட்டும் எழுதினார்கள். இல்லை, பட்டினியும் குளிருமே காரணம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த நாய்களும் எலும்பும் தோலுமாக இருந்தவைதான். பட்டினி கிடந்த விலங்கின் ஈரலில் வைட்டமின் ஏ காலியாகியிருக்கும் என்று தானாக முடிவுகட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வைட்டமின் ஈ விஷயத்திலும் இதே சிக்கல், இடம்தான் வேறு. அது கொழுப்புத் திசுவில் தங்கியிருக்கும். பட்டினியில் கொழுப்புச் செல் தன்னிடம் உள்ள கொழுப்பை (டிரைகிளிசரைடை) வெளியே விடும், வைட்டமின் ஈ-யை (டோகோஃபெராலை) கூடவே விடாது. கொழுப்பு வற்ற வற்ற, மிச்சமிருக்கும் துளிக் கொழுப்பில் வைட்டமின் ஈ செறிவாகிக்கொண்டே போகும். இந்த லேப் கொழுப்பு சாம்பிளுக்கு மொத்த லிப்பிட், அதாவது கொழுப்பு, எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தருகிறது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பி6 பரிசோதனை. உடம்பில் உள்ள பி6-இல் பெரும்பங்கு தசையில்தான் இருக்கிறது, கிளைகோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற என்சைமோடு ஒட்டிக்கொண்டு, பைரிடாக்சல் பாஸ்பேட் வடிவில். பி6 இல்லாத தீனியை எலிக்குக் கொடுத்தால் இந்தச் சேமிப்பு கரையும் என்றுதானே நினைப்போம்? 1978-இல் வெளியான ஓர் எலி ஆய்வு அப்படியில்லை என்று காட்டியது. தீனியில் பி6 மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் போதுமான அளவு கிடைத்தபோது தசையின் சேமிப்பு அப்படியே இருந்தது. தீனியே குறைந்தபோதுதான் கரைந்தது. அதாவது உடம்பு அந்தத் தசை என்சைமை உடைப்பது சக்திக்காக. பி6 அதோடு சேர்ந்து வெளியே வருகிறது. வைட்டமின் குறைபாடு வேறு, பட்டினி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆகவே, தீனி போட்டார்கள் ஆனால் சத்தில்லாத தீனி என்று ஒருவர் சொல்லும்போது, தசை பி6-ஐப் பார்ப்பது எனக்கு ஒரு முக்கியமான துணைச் சான்று. அது மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஜ்ஜைக் கொழுப்போடு சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

இந்தத் தசை சாம்பிளில்தான் லேபின் அக்கறையை நேரில் பார்த்தேன். சாம்பிள் போய்ச் சேர்ந்த அன்று மாலையே போன்.

"டாக்டர், உடம்பு இன்னும் உங்ககிட்ட இருக்குங்களா மேடம்?"

"இருக்கு, குளிர்ல வச்சிருக்கேன். ஏன் சார்?"

"தொடைத் தசைன்னு ரெண்டு கிராம் அனுப்பியிருக்கீங்க. இன்னொரு கால்ல அதே தசையை முழுசா எடுத்து எடை போட்டுச் சொல்ல முடியுமா? கிராமுக்கு எவ்வளவுன்னு நாங்க சொல்லிடுவோம். தசை எவ்வளவு போச்சுன்னு தெரியாம அந்த எண்ணை வச்சு நீங்க எதுவும் எழுத முடியாதுங்க."

உடனே போய் எடுத்தேன். தோலை விலக்கிப் பார்த்தால் தொடையில் கைப்பிடி அளவுகூடத் தசை இல்லை. வெளிறி, ஈரமில்லாமல், நார் நாராகக் கிடந்தது. எலும்பிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடையைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரிங்க மேடம், குறிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். எண்ணுக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தது என்று தெரிந்து வேலை செய்கிறவர் என்று அன்றைக்கே மனதில் பட்டது.

ஆய்வுக்கூட விலங்குகளுக்கான படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கூண்டின் தரை கம்பி வலையா, மரத்தூளா? முதல் முறை பார்ப்பவர்களுக்கு வைட்டமினுக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எலியும் முயலும் தங்கள் கழிவைத் தாங்களே தின்னும். பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் பை போல இருக்கும் முட்டுக்குடலிலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் அதன் வழியாகத்தான் அவற்றுக்குக் கிடைக்கின்றன. மரத்தூள் தரையில் இருந்த எலி, தீனி எடுக்கப்பட்ட பிறகும் கொஞ்சம் வைட்டமினைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். கம்பி வலைத் தரையில் அந்த வாய்ப்பு குறையும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால் ஆய்வே வீண்.

சாம்பிள் பெட்டியைப் பற்றி. பழுப்பு நிறக் குப்பிகள், அதன்மேல் சுற்ற அலுமினியத் தாள், சாம்பிளை உடனே உறைய வைப்பதற்கான குறிப்பு, ட்ரை ஐஸ் நிரப்ப தெர்மோகோல் பெட்டி எல்லாம் அவர்களே அனுப்புகிறார்கள். ரெட்டினாலும் (வைட்டமின் ஏ) ரிபோஃப்ளேவினும் (பி2) வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பழுப்புக் குப்பி. வைட்டமின் சி-க்குத் தனிக் குப்பி, அதில் முன்கூட்டியே மெட்டாபாஸ்பாரிக் அமிலம் ஊற்றப்பட்டிருக்கும். அட்ரினல் சுரப்பியை எடுத்த கையோடு அதில் போட்டு நசுக்கிவிட வேண்டும். வைட்டமின் சி உடம்பிலேயே மிகச் செறிவாக இருக்கும் இடங்களில் ஒன்று அட்ரினல். ஹங்கேரி விஞ்ஞானி சென்ட் கியோர்கி 1928-இல் அதைப் பிரித்தெடுத்ததும் அட்ரினலிலிருந்துதான். அதே அளவுக்கு வேகமாக அது காற்றில் கெட்டும் போகும். குப்பியின் மூடியில் நிறம் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு மூடி என்றால் அமிலம் உள்ளே இருக்கிறது. கையுறையோடு அவசரமாக வேலை செய்யும்போது லேபிளைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய உதவி.

செத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் கேட்பார்கள். நேரம் தாண்டிய உடல் என்றால் சி, தயமின் (பி1) இரண்டையும் செய்ய மறுத்துவிடுவார்கள். ஏ, ஈ மட்டும் பார்ப்பார்கள். பணம் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் அளந்து ஏதோ ஓர் எண்ணைத் தருவதை விட இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். வைட்டமின் சி-யில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாய், பூனை, எலி எல்லாம் அதை ஈரலில் தாங்களே செய்துகொள்ளும். கினிப் பன்றியால் முடியாது, அதனால்தான் 1907-இல் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் அதை வைத்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஆராய முடிந்தது. தீனி நின்ற நாளிலிருந்தே கினிப் பன்றிக்கு வைட்டமின் சி வரவு நின்றுபோகும். லேபின் ரிப்போர்ட்டில் இனத்துக்கு ஏற்ற குறிப்பு ஒன்று இதைப் பற்றி வருகிறது. சுருக்கமானதுதான், ஆனால் சரியானது.

இனி உயிரோடு இருப்பவை. மீட்டு வரும் விலங்குகளின் ரத்தத்தில் தயமின் பார்ப்பதற்கும் இவர்களையே பயன்படுத்துகிறேன். பிளாஸ்மா அனுப்பினால் வாங்க மாட்டார்கள், முழு ரத்தம் கேட்பார்கள். தயமின் பைரோபாஸ்பேட் சிவப்பணுக்குள் இருப்பதால் அதுதான் சரி. தயமினை உடம்பு அதிகம் சேர்த்து வைப்பதில்லை. மனித உடம்பில்கூட மொத்தமே சுமார் 30 மில்லிகிராம்தான், வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும் வரை தயமின் தேவையும் குறைவாக இருக்கும், அதனால் குறை வெளியே தெரியாது. பாவம் என்று வயிறு நிறைய மாவுச்சத்துத் தீனியைப் போட்டவுடன் தேவை எகிறும். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுக்குள் இழுக்கப்படும். பட்டினியில் பிழைத்த உயிர் சாப்பிட்ட பிறகு போய்விடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதைத்தான் பார்த்தார்கள்.

அதனால் இதைப் படிக்கும் காப்பகக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ரத்தம் எடுத்த கையோடு மருத்துவரிடம் சொல்லித் தயமின் ஊசி போடுங்கள், பாஸ்பேட் பாருங்கள், தீனியைச் சிறுகச் சிறுகத் தொடங்குங்கள். இந்தப் பரிசோதனை நாம் செய்ததைச் சரிபார்க்க உதவும், பதிவுக்கு உதவும். அவசர சிகிச்சையை முடிவு செய்ய உதவாது. லேபும் தன் விளம்பரத் தாளில் இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். இப்போது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது தாமதம். வைட்டமின்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியை ஓட்டுவதற்குச் சாம்பிள்கள் சேரும் வரை காத்திருக்கிறார்கள். தனியாக வரும் ஒரு சாம்பிள் வாரக்கணக்கில் மைனஸ் 80 டிகிரியில் கிடக்கும். உறைநிலையில் கெடாது என்றாலும், பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். எத்தனையாவது வரிசையில் இருக்கிறோம் என்றாவது சொல்லலாம், அதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது, அலகுகள். ரெட்டினால் மைக்ரோகிராமில், தயமின் நானோமோலில், சி மில்லிகிராமில். ஒரே பக்கத்தில் மூன்று விதம். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட் என்னைத் தாண்டி வேறு கைகளுக்கும் போகிறது.

பெரிய குறை, நாய் ரத்தத்தில் வைட்டமின் ஏ. மற்ற பல விலங்குகளின் ரத்தத்தில் அது பெரும்பாலும் ரெட்டினாலாகச் சுற்றும். நாயின் ரத்தத்தில் ரெட்டினைல் எஸ்டர்களாகவும் நிறையச் சுற்றும், வெறும் வயிற்றிலும்கூட. லேபின் வழக்கமான தொகுப்பில் ரெட்டினால் மட்டும்தான் பார்க்கிறார்கள். எஸ்டரைத் தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். கேட்கத் தெரியாதவர்கள் பாதி எண்ணோடு போய்விடுவார்கள். உறுப்பின் எடையைக் கேட்கும் அளவுக்கு யோசித்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். "பரிசீலிக்கிறோம் மேடம்" என்று பதில் வந்திருக்கிறது.

ஒப்பீட்டு அளவுகளும் சிக்கல்தான். நன்றாகத் தின்று வளர்ந்த முதிர்ந்த விலங்கின் அளவுகளை மட்டும் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அதே வரம்பு. குட்டியின் ஈரல் வைட்டமின் ஏ இயல்பாகவே குறைவாக இருக்கும். அதைப் பட்டினி என்று ஒருவர் படித்துவிடக் கூடாது. வைட்டமின் கே பரிசோதனை இவர்களிடம் இல்லவே இல்லை. ஈரலில் அதன் சேமிப்பு சில நாளிலேயே கரையக்கூடியது என்பதால், சாப்பிடாமல் கிடந்த பூனைக்கு ரத்தம் உறைவதைப் பார்க்க நான் வேறு வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. ஃபோலேட், பி12 செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள், அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

யாருக்கு இது பயன்படும்? போஸ்ட்மார்ட்டம் செய்பவர்களுக்கும், தீனிக் கட்டுப்பாட்டு ஆய்வு செய்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். வீட்டு விலங்கு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கவலைப்படுபவர்களுக்கு இது வேண்டாம். அவர்கள் போக வேண்டியது மருத்துவரிடம், முக்கியமாகப் பூனை என்றால் அன்றைக்கே. கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு குவிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். இன்னொன்றும் தெளிவாக இருக்க வேண்டும்: பட்டினியால் மெலிந்ததா, புற்றுநோயால் மெலிந்ததா என்பதை வைட்டமின் எண்கள் மட்டும் பிரித்துச் சொல்லாது. அதற்கு உடம்பு முழுவதையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

சாம்பிள் அனுப்புபவர்கள் செய்ய வேண்டியது இது. ஈரலை வெட்டுவதற்கு முன் பித்தப்பையை நீக்கிவிட்டு முழுதாக எடை போடுங்கள். பிறகு ஒரே மடலிலிருந்து எடுக்காமல் இரண்டு மடலிலிருந்து துண்டு எடுங்கள். தசை என்றால் எந்தத் தசை என்று பெயரோடு எழுதி, மறுபக்கத்துத் தசையை முழுதாக எடை போட்டு வையுங்கள். கொழுப்பே இல்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், "கொழுப்பு இல்லை" என்று எழுதுங்கள். நாய் ரத்தம் என்றால் படிவத்தின் அடியில் "ரெட்டினைல் எஸ்டரும் வேண்டும்" என்று கையால் எழுதி அடிக்கோடு போடுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள்.